படிக்கட்டில் உட்கார்ந்த வெயில்

போன கத்திரியின்போது எங்கள் சி பிளாக் படிக்கட்டில் வெயில் வந்து உட்கார்ந்துகொண்டதை ஆளாளுக்கு ஒரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள், அதிலும் ஏ பிளாக்காரர்கள் சொல்வதைக் கேட்டால் நான்தான் அதைப் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ வைத்துக் கூட்டிவந்து படியில் உட்காரவைத்த மாதிரி இருக்கும், அதனால் நானே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த பிளாக்கில் முதல் சன்னலைச் சாத்தியவள் நான், சாத்தியதற்காக இன்றுவரைக்கும் ஒரு நிமிஷம்கூட வருத்தப்படாதவளும் நான்.

என் பெயர் திலகவதி. வேலூரில், மரமே இல்லாத பாறை மலைக்குக் கீழே கட்டிய குடியிருப்பில், சி பிளாக்கில் மூன்றாவது மாடி மூலை வீடு எங்களுடையது. அதற்கு மேல் மொட்டைமாடிதான். பிளாக்கில் மொத்தம் பதினாறு வீடு, நடுவில் ஒரே படிக்கட்டு, எல்லா வீட்டுக்கும் கூடத்துச் சன்னல் மேற்கே பார்த்துத்தான், எந்த மகராசன் வரைபடம் போட்டானோ தெரியாது, அவன் வேலூரில் ஒரு மே மாசமாவது இருந்திருக்கமாட்டான் என்று மட்டும் சத்தியம் செய்து சொல்வேன்.

என் வீட்டுக்காரர் ஏகாம்பரம் தையல்காரர், கூடத்துச் சன்னலோரம் மெஷினைப் போட்டுக்கொண்டு வீட்டிலேயே தைக்கிறவர். அவருக்கு வியர்க்காது. பிறந்ததிலிருந்தே அப்படித்தான். கல்யாணமான புதிதில் அதை ஒரு பெருமையாகவே சொல்லிக்கொண்டிருந்தேன், எங்க வீட்டுக்காரர் சட்டைக் காலரில் அழுக்கே ஒட்டாது தெரியுமா என்று. வயசு ஏற ஏறத்தான் அது பெருமையில்லை என்று தெரிந்தது. உடம்புக்குள் போன சூடு வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே கிடந்து, முந்தின வருஷக் கத்திரியில் ஒருநாள் மத்தியானம் அப்படியே மெஷின்மேல் சாய்ந்துவிட்டார், தொட்டால் தோசைக்கல் மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை இந்த மாதிரி ஆச்சுன்னா பொழைக்கவெக்கறது கஷ்டம்மா, வீட்டக் குளுகுளுன்னு வெச்சுக்கோங்க" என்றாள். ஏசி போடலாம் என்றால் எங்கள் பிளாக் வயருக்கு ஒரு மிக்ஸியே அதிகம், அதோடு மத்தியானம் கரண்டும் இருக்காது.

அந்த வருஷம் முழுக்க நான் சன்னலையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். திரை போட்டுப் பார்த்தேன், வெயில் வீட்டுக்குள் வந்து திரைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். கோணிச்சாக்கை நனைத்துத் தொங்கவிட்டுப் பார்த்தேன், அரைமணி நேரத்தில் அப்பளமாகிவிட்டது. கண்ணாடியைத் தாண்டிவிட்டால் அது உள்ளே வந்தாச்சு, அப்புறம் அதை மிரட்டிப் பிரயோஜனமில்லை, கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்தினால்தான் உண்டு என்று எனக்குப் புரிந்தபோது மாசி பிறந்துவிட்டது. கோட்டைப் பக்கம் ஒரு பழைய பங்களாவை இடித்துக்கொண்டிருந்தார்கள். அதன் சன்னல்களுக்கு வெளியே மரக்கதவுகள், சாய்வுசாய்வாகப் பலகை வைத்து, காற்று வரும் வெயில் வராது என்கிற மாதிரி. போய்ச் சண்டை போட்டு ஒரு ஜோடி எடுத்துவந்தேன். ஆசாரியை வைத்து, கண்ணாடிக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு சாண் இடம் விட்டு, கீல் அடித்து, ஓரமெல்லாம் வீட்டுக்காரர் வெட்டிப்போட்ட கோட்டுத்துணியை ஒட்டி, வெளிப்பக்கம் வெள்ளை பெயிண்ட் அடித்து மாட்டினோம். காலையில் காபி குடித்ததும் சாத்த வேண்டியது, பொழுது சாய்ந்து காற்று திரும்பினதும் திறக்க வேண்டியது, இதுதான் வேலை.

கத்திரி பிறந்த அன்றைக்கு வெயில் வழக்கம்போல ரெண்டு மணிக்கு எங்கள் சன்னலுக்கு வந்தது. சாத்தியிருப்பதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றது. பலகை பலகையாகத் தொட்டுப் பார்த்தது, கீல் சூட்டில் முனகியது, உள்ளே ஏகாம்பரம் தலை நிமிராமல் யாருக்கோ காஜா எடுத்துக்கொண்டிருந்தார், நான் சன்னலுக்கு இந்தப்பக்கம் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தேன். அப்புறம் அது ஒரு மாடி இறங்கி, எங்களுக்கு நேர் கீழே இருக்கிற நூர்ஜஹான் வீட்டுச் சன்னல் வழியாக உள்ளே போய்விட்டது.

கொடியில் காயப்போட்ட துணி காற்றில் கீழ்வீட்டுக்குப் பறந்துபோனால் எப்படி வந்து சொல்வார்களோ, அப்படித்தான் நூர்ஜஹான் சாயந்திரம் வந்து சொன்னாள். "அக்கா, உங்க வூட்டு வெயில் எங்க வூட்டுக்கு வந்துருச்சு."

"எங்க வூட்டதுன்னு எப்படிடி சொல்ற, பேர் எழுதியிருக்குதா?"

"எங்க வூட்டு வெயில் எனக்குத் தெரியாதா? அது சமையக்கட்டு வாசலோட நின்னுக்கும். இது நேரா கூடத்துக்கு வந்து தையல் மெஷின் எங்கன்னு தேடுது."

அவள் வீட்டில் அன்றைக்கு நெய் பாட்டிலோடு கொதித்ததும், மெழுகுவர்த்திகள் டப்பாவுக்குள்ளேயே குனிந்துகொண்டதும், அவள் மாமனாரின் பொய்ப்பல் செட்டு தம்ளர் தண்ணியில் லேசாக வளைந்துபோனதும் உண்மைதான், நானே பார்த்தேன். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்த்துச் சன்னலைத் திறக்க நான் தயாராயில்லை, ஆசாரியின் போன் நம்பரைக் கொடுத்தேன்.

அவள் சாத்தினாள், வெயில் பக்கத்து வீட்டுக்குப் போனது. பக்கத்து வீடு சாத்தியது, கீழே போனது. ரெண்டு வீட்டு வெயில் நாலு வீட்டு வெயிலாகி, நாலு எட்டாகி, சாத்தாத வீட்டில் மொத்தமாகப் போய் விழுந்ததால் யாரும் ஒருநாளுக்குமேல் தாக்குப்பிடிக்கவில்லை, ஆசாரி மகளுக்கு வளைகாப்பையே தள்ளிவைத்துவிட்டு எங்கள் பிளாக்கில் தொங்கினார், பச்சை பெயிண்டும் நீல பெயிண்டும் ரோஸ் பெயிண்டுமாக பிளாக்கே கல்யாண வீடு மாதிரி ஆனது, ஏ பிளாக்காரர்கள் சாயந்திரமானால் வந்து நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் பொறாமையோடு போனார்கள். கடைசியாகக் கீழ்த்தளத்தில் சங்கச் செயலாளர் சம்பந்தம் சாரும் சாத்தினார். மின்வாரியத்தில் இருந்து ஓய்வுபெற்றவர், எதிலும் ஒழுங்கு பார்க்கிறவர், ஸ்குரூ தலையெல்லாம் ஒரே பக்கம் பார்த்திருக்கவேண்டும் என்று ஆசாரியை உயிரெடுத்தவர்.

பதினாறு சன்னலும் சாத்தின அன்றைக்கு வெயில் பிளாக்கைச் சுற்றிச்சுற்றி வந்தது, மோட்டார் ரூமை எட்டிப் பார்த்தது, அங்கே நுழைய இடமில்லை. எங்கள் படிக்கட்டுக்குக் கதவு கிடையாது. உள்ளே வந்து, முதல் மாடிக்குப் போகிற வழியில் படி திரும்புகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

முதலில் எங்களுக்கு அது சௌகரியமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். வடகம் பிழிந்து அந்தப் படியில் வைத்துவிட்டு மேலே போய்த் திரும்பி வந்தால் காய்ந்திருந்தது. மாவு பொங்கினது, மிளகாய் காய்ந்தது, பள்ளிக்கூடச் சட்டைகளைப் படியில் விரித்துவைத்தால் இஸ்திரி போட்ட மாதிரி எடுத்துக்கொண்டு போகலாம். போகவர இருந்தவர்கள் பேச்சுக்கொடுக்கிற அளவுக்குப் பழகிவிட்டார்கள், "கொஞ்சம் தள்ளிக்கோப்பா, கையில குழந்த இருக்குது" என்றால் சுவரோரம் ஒதுங்கிக்கொள்ளும். வீட்டுக்குள் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினார்கள். என் வீட்டுக்காரர் அந்த வாரம் ஒரு கல்யாணத்துக்கு வேண்டிய ஜாக்கெட் முழுவதையும் தைத்து முடித்தார், நெற்றியைத் தொட்டுப் பார்த்தால் மண்பானைத் தண்ணி மாதிரி ஜில்லென்று இருந்தது. இனி கவலையில்லை என்று சாமிக்குக் கற்பூரம்கூட ஏற்றினேன்.

என்ன ஆனது என்றால், வீட்டுக்குள் வருகிற வெயில் மத்தியானம் முழுக்க உட்கார்ந்து, நம்மைப் படுத்தவேண்டியதைப் படுத்தி, சாயங்காலக் காற்றோடு சன்னல் வழியாகக் கிளம்பிவிடும், அதுதான் அதன் வழக்கம். எந்த வீட்டுக்குள்ளும் விடாததால் இதற்குப் போக மனசு வரவில்லை. ராத்திரியும் படியிலேயே இருந்தது. மறுநாள் வெயில் வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்தது, அதற்கு மறுநாளைய வெயில் வந்து மடியில் உட்கார்ந்தது, இப்படியே சேர்ந்து சேர்ந்து படிக்கட்டின் கைப்பிடிக் கம்பியை யாரும் தொடமுடியாமல் போனது. கேஸ் சிலிண்டர்காரன் நான் மேலே வரமாட்டேன் என்று கீழேயே இறக்கிவிட்டுப் போனான். யாரோ புத்திசாலித்தனமாக ஒரு குடம் தண்ணியை மேலிருந்து ஊற்றப்போய், எழுந்த ஆவியில் பிளாக் முழுக்க இட்லிப் பானைக்குள் உட்கார்ந்த மாதிரி ஆகிவிட்டது.

அதுகூடப் பரவாயில்லை. சூடு மேலே ஏறும். முதல் மாடித் திருப்பத்தில் இருந்தது முதல் மாடிக்கு வந்தது. அங்கிருந்து ரெண்டாவது மாடிக்கு வந்தது. நான் காலையில் கதவைத் திறந்து முதல் வேலையாகப் படியைத்தான் எட்டிப் பார்ப்பேன், ஒவ்வொரு நாளும் அது ரெண்டு படி கிட்டே இருந்தது. சன்னலுக்குக் கதவு போட்டேனே தவிர வாசல் கதவுக்கு என்ன செய்வேன்? அது வாசலுக்கு வந்துவிட்டால் இவரைக் கீழே இறக்கிக்கொண்டு போகவும் வழியில்லை, இருக்கிற ஒரே வழியில் அதுதான் உட்கார்ந்திருக்கிறது. ஒரு நாள் வெயில் உள்ளே வந்ததற்கே இவர் மெஷினில் சாய்ந்தார், இது பிளாக் மொத்தத்தின் வெயில், அத்தனை நாளும் சேர்ந்தது. எனக்குப் பயம் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

சம்பந்தம் சார் கூட்டம் போட்டார், விடியற்காலையில், மொட்டைமாடியில், கீழ்வீட்டுக்காரர்கள் ஈரச்சாக்கைப் போர்த்திக்கொண்டு படியேறி ஓடிவந்தார்கள். எடுத்தவுடனே முதல் மாடியிலிருந்து ஒருத்தர், யாரென்று சொல்லமாட்டேன், இன்றைக்கு அவர் எங்களோடு நல்லபடியாக இருக்கிறார், "இதெல்லாம் ஆரம்பிச்சது யாரு? மூலை வீட்டம்மா. காலங்காலமா அவங்க வூட்டுக்குப் போன வெயில், அவங்களே தொறந்து உள்ள வுட்டுக்கட்டும், நமக்கு இன்னாத்துக்கு?" என்றார். ரெண்டு மூன்று பேர் ஆமாம் என்றார்கள்.

எனக்கு வந்ததே கோபம். "ஏன், எங்க வூட்டு ஆளத் தட்டுல வெச்சுக் குடுக்கட்டுமா அதுக்கு? வெத்தலபாக்கும் சேர்த்து வெக்கட்டுமா? ஜில்லுன்னு தூங்கினப்ப எவனாவது வந்து நன்றி சொன்னீங்களா?" என்று கத்தினதில் மலையே திருப்பிக் கத்தியது.

சம்பந்தம் சார் கையைத் தூக்கி எல்லோரையும் உட்காரவைத்தார். எங்கள் குடியிருப்பில் படி கழுவுவது முறை, மோட்டார் போடுவது முறை, குப்பைத்தொட்டி கழுவுவதும் முறைதான், எந்தச் சண்டையிலும் முறையை மட்டும் யாரும் மீறியதில்லை, பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருந்த அன்றைக்குக்கூட ஒருத்தி பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படி கழுவிவிட்டுத்தான் மண்டபத்துக்குப் போனாள். "வெயிலுக்கும் முறை வெச்சிருவோம்" என்றார் சம்பந்தம் சார், "ஒரு நாளைக்கு ஒரு வீடு சன்னலத் தொறந்து உள்ள வுடட்டும், அது பாட்டுக்கு இருந்துட்டு சாயந்திரம் போயிடும், மத்த வீடெல்லாம் சாத்தியிருக்கட்டும்." அப்புறம் என் பக்கம் திரும்பி, குரலைத் தணித்து, "உங்க வீட்டுக்கு மட்டும் வேணாம்மா, உங்க நிலைமை தெரியும்" என்றார்.

நான் அங்கேயே வாயை மூடிக்கொண்டு சரி என்றிருக்கலாம். நூர்ஜஹான் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள், "அக்கா, உங்க முறைய நான் எடுத்துக்கறேன், சும்மா இருங்க" என்று. ஆனால் அந்த முதல் மாடிக்காரர் உதட்டைச் சுழித்ததை நான் பார்த்துவிட்டேனே! "முறைன்னா முறை. எங்க வூட்டு நாள் வந்தா நானும் தொறப்பேன். யார் தயவும் எங்களுக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று இறங்கி வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து தண்ணி குடித்தபோதுதான் என்ன சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் என்று உறைத்தது.

முறை கீழ்த்தளத்திலிருந்து ஆரம்பித்தது. முதல் வீட்டுக்காரர்கள் சன்னலைத் திறந்துவைத்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போனார்கள், வெயில் உள்ளே போய்ப் பார்த்து, ஆளில்லாத வீட்டில் யார் உட்காருவார்கள் என்று திரும்பிப் படிக்கே வந்துவிட்டது. அதனால் வீட்டு ஆள் ஒருத்தராவது கூட உட்காரவேண்டும் என்றானது. உட்கார்ந்தார்கள். மோர்ப்பானையை மடியில் வைத்துக்கொண்டு, ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, பிள்ளைகளையும் பெரியவர்களையும் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வீட்டுக்கு ஒரு திடமான ஆள் ஒரு மத்தியானம் உட்கார்ந்தார்கள், சாயந்திரம் வெளியே வரும்போது முகம் சிவந்து, ஏதோ சாதித்த களையோடு வந்தார்கள், காத்திருந்தவர்கள் தர்பூசணி வெட்டிக் கொடுத்தார்கள். சேர்த்துவைத்த வெயிலெல்லாம் கரைந்து, காலையில் படிகள் காலியாகிவிட்டன. சிலிண்டர்காரன் மேலே வந்தான். நூர்ஜஹான் தன் முறையன்று வெயிலை உட்காரவைத்து, அதன் எதிரிலேயே மாங்காய் வெட்டி ஊறுகாய் போட்டு முடித்துவிட்டாள், அவ்வளவு நெஞ்சழுத்தம் அவளுக்கு.

எங்கள் முறை வந்தபோது கத்திரி முடிந்திருந்தது, வெயில் மட்டும் முடியாமல் உச்சத்தில் இருந்தது. என் திட்டம் சுலபமானது, காலையில் இவரை நூர்ஜஹான் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு நான் உட்காருவேன். பாயைச் சுருட்டி, மாத்திரையை எடுத்துவைத்து, "ஏங்க, கெளம்புங்க, படி காலியா இருக்குது" என்றேன்.

"நான் வரல" என்றார் ஏகாம்பரம்.

இருபத்தேழு வருஷத்தில் அவர் என்னிடம் அப்படிச் சொன்னதாக ஞாபகமே இல்லை. "வெளையாடாதீங்க. மணி ஆவுது."

"உன்ன இங்க தனியா வெயில்ல வுட்டுட்டு, நான் கீழ் வூட்டுல போயி குளுகுளுன்னு படுத்துக்கினு இருக்கணுமா? நீதானே கூட்டத்துல பெருசாப் பேசின, எங்க வூட்டு நாள்னு? வூடுன்னா நானும்தான்." மெஷின்மேல் ரெண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். திட்டினேன். கெஞ்சினேன். நூர்ஜஹானைக் கூட்டிவந்து பேசவைத்தேன். "அண்ணே, உங்களுக்கு ஏதாச்சும் ஆனா அக்கா எங்களையெல்லாம் உயிரோட வுடுமா?" என்று அவள் கேட்டதற்குச் சிரித்தாரே தவிர அசையவில்லை. அவள் அவரையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுக் கீழே போனாள்.

மணி ரெண்டாகிக்கொண்டிருந்தது. திறக்காமல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன், நினைக்காமலா? வாயை விட்டவள் நான், அது என் மானம், போனால் போகிறது, இவர் உயிரைவிடவா? போய்ச் சம்பந்தம் சார் காலில் விழுகிறேன் என்று வாசலுக்குத் திரும்பினேன். அதற்குள் இவர் எழுந்து போய்ச் சன்னல் கொண்டியைக் கழற்றிவிட்டார். இவரைத் தள்ளிவிட்டு ரெண்டு கதவையும் நானே பிடித்துக்கொண்டேன், பிடித்துக்கொண்டு சாத்தப் பார்த்தால், வெளியே அது ஏற்கெனவே வந்து நின்றிருந்தது. வந்தவர் முகத்துக்கு நேரே எப்படிச் சாத்துவது? கதவு என் கையிலிருந்து மெள்ள விரிந்தது. நனைத்துவைத்த போர்வையை அள்ளி இவர்மேல் போர்த்தி, மேலே நானும் விழுந்து மூடிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

வந்தது. முதுகில் பட்டது. இப்போதுதான் கொடியிலிருந்து எடுத்த துணியை யாரோ என்மேல் போட்ட மாதிரி ஒரு வெதுவெதுப்பு, அவ்வளவுதான். மீதி வரட்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன். மீதி வரவில்லை. போர்வைக்குள்ளிருந்து இவர், "திலகா, மூச்சு முட்டுது, நீ எழுந்திரு மொதல்ல" என்றார்.

எழுந்து சன்னலில் தலையை நீட்டி மேலே பார்த்தேன், வானம் வெள்ளையாக எரிந்துகொண்டுதான் இருந்தது. கீழே பார்த்தேன். நூர்ஜஹான் வீட்டுப் பச்சைக் கதவு ஒரு விரல் அளவு திறந்திருந்தது. அதற்குக் கீழே நீலக்கதவு ஒரு விரல். பக்கத்தில் ரோஸ் கதவு ஒரு விரல். அந்த முதல் மாடிக்காரர் வீட்டுக் கதவு ஒரு விரல், சம்பந்தம் சார் வீட்டுக் கதவு, அளவுகோல் வைத்துத் திறந்த மாதிரி, ஒரு விரல். பிளாக் முழுக்க எல்லாச் சன்னலும் ஒரு விரல் திறந்திருந்தன, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக வெயில் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"யாருடி உங்களக் கேட்டா?" என்று கத்தினேன். கண்ணிலிருந்து தண்ணி கொட்டியது. "முறைன்னா முறைன்னு சொன்னேன் இல்ல? யார் கேட்டா?"

பச்சைக் கதவுக்குள்ளிருந்து நூர்ஜஹான் குரல்தான் வந்தது. "காத்து வரட்டும்னு தொறந்து வெச்சிருக்கறோம். எங்க வூடு, எங்க சன்னலு. உங்களுக்கு இன்னா வந்துச்சு?"

கொளுத்துகிற வெயிலில் ரெண்டு மணிக்குக் காற்றாம்! எங்கேயோ யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டது கேட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், ஏகாம்பரம் போர்வையை உதறிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்று கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்து முடித்துவிட்டு, விரிந்து கிடந்த எங்கள் வெள்ளைக் கதவு ரெண்டையும் இழுத்தார்.

"வேணாங்க, சாத்தாதீங்க, நம்ம நாளு" என்றேன்.

"சாத்தல" என்றார். இழுத்துவந்து, நடுவில் தன் ஆள்காட்டி விரலை வைத்துப் பார்த்து, அந்த அளவில் நிறுத்திக் கொண்டியை மாட்டினார். "இவ்ளோ தொறந்து வெச்சா அவங்க பங்கும் சேர்ந்து இங்க வந்துரும். எல்லாருக்கும் எவ்ளோவோ அவ்ளோதான் நமக்கும்."

மெஷினில் போய் உட்கார்ந்தார். அந்த ஒரு விரல் வெயில் உள்ளே வந்து, கூடத்தைத் தாண்டி, நேராக அவர் முழங்கைமேல் விழுந்தது. நான் ஈரத்துண்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன். அவர் கையை நகர்த்தாமல் காலை மிதித்தார், ஊசி ஓட ஆரம்பித்தது.